பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்

அந்தப் பெண் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஒன்பது மணிக்கு நான் என் வீட்டுக்காரரை அடித்துவிட்டேன்.

அடித்தது எவர்சில்வர் தம்ளரால். அவர் வெந்நீர் குடித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் வைத்த தம்ளர்தான். அதன் அடிப்பாகம் இடது கண்ணுக்குக் கீழே எலும்பில் போய் இடித்தது. தோல் கிழியவில்லை. கிழிந்திருந்தால் ஒரு பிளாஸ்திரி ஒட்டி மறைத்திருக்கலாம். முதலில் சிவந்தது, பிறகு வீங்கியது, நான் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவதற்குள் நீலம் கண்டுவிட்டது. ஐஸை வைத்து அழுத்தினேன். அவர் முகத்தைத் திருப்பாமல் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பவுடர் பூசிப் பார்த்தேன். அந்தக் கறுத்த முகத்தில் பவுடர் மட்டும் திட்டாகத் தெரிந்தது, அதையும் துடைத்தேன். 

வரப்போகிறவள் பல்கலைக்கழகத்துப் பெண். நுரையீரலில் புற்றுநோய் வந்தவர்கள் வீட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று நோயாளியையும், அவரைப் பார்த்துக்கொள்கிறவரையும் கேட்டு டேப்பில் பதிவு செய்கிற ஆராய்ச்சி. நெஞ்சில் கட்டிய நீரை எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது மிஸ்ஸிதான் எங்கள் பெயரைக் கொடுத்தார். எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். "ஆன்ட்டி, நீங்க அங்கிள பாத்துக்கிற மாதிரி இங்க யாருமே பாத்துக்கிறதில்ல. நீங்க பேசினா மத்த ஃபேமிலிக்கு உதவியா இருக்கும் லா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பெருமையாக இருந்தது. உடனே சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அது எண்பதுகளின் கடைசி. மலாய் நாட்டின் ஜார்ஜ் டவுனில் ஓர் அடுக்குமாடியின் பன்னிரண்டாவது மாடியில் இருந்தோம். ஒரு ஹால், ஓர் அறை, ஓர் அடுப்படி. வெளி நடையில் நின்றால் கடலும் ஃபெரியும் தெரியும், அக்கரையில் பட்டர்வொர்த்தும், பிறை என்கிற ஊரின் புகைக்குழாய்களும் தெரியும். அவர் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பல் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்குகிற வேலை. லீவரில் கை லேசாக அசைந்தால் போதும், அந்தப் பக்கம் டன் கணக்கில் சரக்கு எழும்பும். அந்தப் பழக்கமோ என்னவோ, வீட்டிலும் அவர் கை அசைந்தால் ஏதாவது ஒன்று பறந்தது. பல சமயம் நான்.

குடித்துவிட்டு அடித்தார் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சௌகரியமாக இருக்கும். அவர் குடிக்கவே மாட்டார். சிகரெட் மட்டும்தான். ஒரு கையில் சிகரெட் அணையாமல் இருக்கும், மறு கையால் அடிப்பார். கல்யாணமான மாதமே ஆரம்பித்தது. மீன் குழம்பு ஆறிப்போனதற்கு ஒரு அறை. பக்கத்து வீட்டு ஆளுக்கு வணக்கம் சொன்னதற்கு பெல்ட். என் முன்பல் ஒன்று பாத்திரம் கழுவுகிற தொட்டியில் விழுந்து, நான் அதைக் கையை விட்டுத் தேடி எடுத்திருக்கிறேன். பக்கத்து வீடுகளில் எல்லாம் பிள்ளைகளை மிரட்டுவதற்கென்று கதவுக்குப் பின்னால் ஒரு ரோத்தான் தொங்கும். மெல்லிய பிரம்பு, சந்தையில் கட்டுக் கட்டாக விற்பார்கள். எங்கள் வீட்டில் அது எனக்காகத் தொங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நான் சொல்வது ஒரே வாக்கியம்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்." மணிக்கட்டு உடைந்தபோது அதுதான், விலா எலும்பு விரிசல் விட்டபோதும் அதுதான். எங்கள் பாத்ரூமில் பாசி என்பதே கிடையாது. வாரம் இரண்டு தடவை பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், மிகவும் கவலைப்பட்ட முகத்தோடு. சொல்லி முடித்ததும் டாக்டரைத் தாண்டி அவரை ஒரு பார்வை பார்ப்பேன். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை. ஒரு சீன டாக்டர் மட்டும் ஒரு தடவை பேனாவை நிறுத்தி, "மறுபடியும் பாத்ரூமா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவரும் எழுதிக்கொண்டார்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அவர் என்னை அடிக்க வந்த வேகத்தில் அவள் குறுக்கே வந்து நின்றாள். என் கன்னத்துக்கு வந்த அறை அவள் இடது காதில் விழுந்தது. காதிலிருந்து ரத்தம் நூல் மாதிரி இறங்கிப் பள்ளிச் சட்டையின் காலரில் ஊறியது. அந்தக் காது போய்விட்டது. காய்ச்சலில் போனது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னோம், சொந்தக்காரர்களிடமும் சொன்னோம். அவளும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு கைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் எல்லோருடைய கைகளும் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்காருவாள். கல்யாணமாகிப் பட்டர்வொர்த்தில் இருந்தாள், பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாப்பிள்ளை சாது. அவன் சோம்பல் முறிக்கக் கையைத் தூக்கினாலும் இவள் தலை பின்னுக்குப் போகும். அவனுக்கு முதலில் புரியவில்லை, பிறகு அவளுக்கு முன்னால் சோம்பல் முறிப்பதையே விட்டுவிட்டான். உலகத்திலேயே அவள் பார்க்காமல் விட்ட கைகள் என் இரண்டு கைகள்தான். என் கை அவள் தலைக்கு மேலே போனாலும் சாப்பிடுவதை நிறுத்தமாட்டாள். என் வாழ்க்கையில் நான் சம்பாதித்தது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

அவருக்கு நோய் என்று தெரிந்தது வாயிலிருந்து ரத்தம் வந்தபோது. ஆபரேஷனுக்கு வழியில்லை என்றார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள், எங்கள் பேச்சில் கரண்டு வைப்பது. முதுகில் ஊசியைக் குத்தி நீரை எடுத்தார்கள், அந்த ஊசியின் நீளத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு திருப்தி உண்டானதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாவது மாதம், கஞ்சி சுடுகிறது என்று என்னை அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கின கை காதுக்கு மேலே போனதும் மூச்சு தீர்ந்துவிட்டது. கை மெத்தையில் விழுந்தது. நான் வழக்கப்படி தலையைக் குனிந்து, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றிருந்தேன். அடி வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். இருபத்துநான்கு வருஷம் நான் பயந்த ஆள் வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்துக்கு நேராகவே சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்து, எச்சில் துப்புகிற பேசினைக் காலால் உதைத்தார். அப்போதுதான் துடைத்த தரையில் சளியும் ரத்தமும் பரவியது. அறைந்தேன். அவர் தலை அந்தப் பக்கம் திரும்பி, அங்கேயே நின்றது. என் உள்ளங்கை காந்தியது. அந்தக் காந்தல் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பிறகு காரணம் தேட ஆரம்பித்தேன். மருந்தைத் துப்பினால் ஒரு அடி. படுக்கையை நனைத்தால் ஒரு அடி. ரோத்தானைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். தொடையில் அடித்தேன், கைலி மறைக்கிற இடமாகப் பார்த்து. வெளியே தெரியாத இடம் எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, என் உடம்பிலேயே அந்தப் பாடம் இருந்தது. அவருக்குக் கத்த மூச்சு கிடையாது. பிரம்பு விழும் சத்தம் மட்டும் கேட்கும், ரேடியோவைக் கொஞ்சம் உரக்க வைத்தால் அதுவும் கேட்காது. அடித்த கையாலேயே முதுகைத் தட்டிச் சளி எடுத்தேன், உடம்பு துடைத்தேன், நேரம் தவறாமல் மாத்திரை கொடுத்தேன். மிஸ்ஸி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவரை என்னைப் போல யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு பயம்தான் எனக்கு. மகளுக்குத் தெரியக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஃபெரி ஏறி வருவாள், அப்பாவுக்கு ஸ்பூனால் ஊட்டுவாள். தன் காதைப் பறித்த ஆளுக்கு அவள் வாய் துடைத்துவிடுவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்த ஒரு நாள் மட்டும் என் கை அடங்கியிருக்கும். அவரும் அவளிடம் வாயைத் திறக்கவில்லை. இப்படியே அவர் காலம் முடிந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் வெந்நீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"ஞாயித்துக்கெழம... அவ வருவாளா?"

"வருவா."

"போன வாரம்... வரலியே."

"ஓவர்டைம்னு சொன்னாள்ல."

தம்ளரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்த மூச்சை எல்லாம் இதற்குச் செலவழித்தார்: "செவிட்டுக் கழுத. கூப்ட்டாலும்... கேக்காது."

தம்ளர் என் கைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. மற்ற அடிகளுக்கெல்லாம் நான் காரணம் தேடினேன். அதற்கு மட்டும் தேடவில்லை.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. இருபத்தைந்து வயதிருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள், தோளில் ஒரு துணிப்பை, கையில் ஆரஞ்சுப் பழப் பை. செருப்பை வெளியே கழற்றி ஓரமாக வைத்தாள். "பசியாறியாச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள். தமிழில் தட்டச்சு செய்த ஒரு தாளைப் படித்துக் காட்டினாள். எங்கள் பெயர் எங்கேயும் வராது, பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். முதலில் இரண்டு பேரையும் சேர்த்துக் கேட்பாள், பிறகு தனித்தனியாக. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நான் தேநீர் கலந்து கொடுத்தேன். ஒரு புத்தகம் அளவுக்கு இருந்த டேப் ரிக்கார்டரை ஸ்டூலின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

அவள் வந்ததுமே அவர் கன்னத்தைப் பார்த்துவிட்டாள். எனக்குத் தெரியும். ஆனால் கெட்டிக்காரி, எடுத்தவுடன் அதைக் கேட்கவில்லை. மூச்சைப் பற்றிக் கேட்டாள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். அவருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம், துறைமுகத்துக் கதை எல்லாம் சொன்னார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று இளைத்தார். "வீட்டுல எப்படிப் பாத்துக்கிறாங்க அங்கிள்?" என்று கேட்டாள். "நல்லா... பாத்துக்கிறா" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணுக்குக் கீழ என்னாச்சு அங்கிள்?"

அவர் யோசிக்கவே இல்லை. "பாத்ரூம்ல... வழுக்கி விழுந்துட்டேன்மா."

சொல்லிவிட்டு அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். இருபத்துநான்கு வருஷம் டாக்டர் மேசைக்கு மேலாக நான் அவரைப் பார்த்த பார்வை அது. சரியாகச் சொன்னேனா? வீட்டுக்குப் போனதும் இதற்கு ஒன்றும் இல்லையே? அப்போதும் எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை, அப்படி யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு வந்தது ஆத்திரம். என் பல்லை எடுத்தான், என் மணிக்கட்டை உடைத்தான், என் பிள்ளையின் காதை எடுத்தான், கடைசியில் நான் சொன்ன பொய்யையும் எடுத்துக்கொண்டான் இவன். அந்தப் பொய் என்னுடையது. அதை ஒவ்வொரு தடவையும் ரத்தத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னவள் நான்.

"பொய்" என்றேன். "அவரு விழல. நான்தான் அடிச்சேன். உங்க கையில இருக்கே, அந்தத் தம்ளரால."

அவள் தம்ளரைப் பார்த்தாள். பாதித் தேநீரோடு மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அவளுக்கு... தூக்கமில்ல" என்றார் அவர். "என்னமோ உளர்றா. டேப்ப... நிப்பாட்டும்மா."

"நிறுத்தவா ஆன்ட்டி?"

"வேணாம். ஓடட்டும்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடித்ததையும் சொன்னேன், நான் அடித்ததையும் சொன்னேன். பெல்ட், பல், விலா எலும்பு. பிறகு பேசின், ரோத்தான், தொடை. சொல்லச் சொல்ல இரண்டும் ஒரே கதை மாதிரி கலந்துவிட்டது, எந்த அடி யாருடையது என்று நடுநடுவே அவள் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பேனாவைத் தாளில் வைத்தபடியே இருந்தாள், ஒன்றும் எழுதவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மகளின் காதுக்கு வந்தபோதுதான் திறந்தார்.

"அது... காய்ச்சல்ல போனது" என்றார்.

அதை அவர் நடிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அதை நம்பியே விட்டிருந்தார். எழுந்தேன், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, என் கை மேலே போனது. அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். ஒரு முன்கையால் முகத்தை மறைத்தார், மறு உள்ளங்கையால் காதைப் பொத்தினார். அதே நேரம் இந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. திரும்பினேன். அந்தப் பெண் தலையைப் பின்னுக்கு இழுத்து, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கண் என் முகத்தில் இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையைக் கீழே இறக்கினேன். எவ்வளவு நேரம் தூக்கியபடி நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் தண்ணீர் குடித்தாள். எழுந்து ஓடவில்லை. அதற்காக அவளை இன்றும் மதிக்கிறேன். அவரிடம் கேட்டாள்: "அங்கிள், ஏன் விழுந்துட்டேன்னு சொன்னீங்க?"

மூச்சு விசில் மாதிரி வந்து போனது. பிறகு சொன்னார்: "நீ போயிருவ... அப்புறம் இவதானே இருப்பா."

அவள் டேப்பை நிறுத்தினாள். நாங்கள் தனித்தனியாகப் பேச வேண்டிய பகுதி நடக்கவே இல்லை. இதை மிஸ்ஸியிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று சொன்னாள். சொல்லுங்கள் என்றேன். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது.

"என் மக ஞாயித்துக்கெழம வருவா. அவளுக்கு நான்தான் சொல்லணும். மத்தவங்க வாயால அவ கேக்கக் கூடாது. அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

"அதுவரைக்கும் அங்கிளுக்கு..."

"தொட மாட்டேன்."

அவள் நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் பேனாவை மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்து, அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள். பேனா அவள் சட்டைப் பையிலேயே இருந்தது.

இரண்டு நாளும் நான் அவரை அடிக்கவில்லை. அது பெரிய விஷயம் இல்லை. கை தினவெடுத்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலையில் அவர் மாத்திரையைத் துப்பினார், நான் கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டேன். அங்கிருந்து அடுப்படிக்குத் திரும்பிப் போய்த் தேங்காய் துருவினேன். ஒன்று போதும், மூன்று துருவினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிப் படுக்க வைத்துவிட்டு, ஹாலில் என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாள், நல்ல காது என் பக்கம் இருக்கும்படி. அந்தப் பெண் கொடுத்த ஆரஞ்சில் ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அப்பாவின் கன்னத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாத்ரூமில் விழுகிறவர்களோடேயே வளர்ந்தவள் அவள்.

"உங்கப்பா விழல" என்றேன். "நான் அடிச்சிட்டேன். ரொம்ப நாளாவே அடிக்கிறேன்."

தோல் ஒரே சுருளாக வந்துகொண்டிருந்தது. அவள் கை நின்றது.

"எதுல?"

"கையால. ரோத்தானால. அன்னிக்கு தம்ளரால."

"ஏம்மா?"

"அந்தாளு உன்ன செவிடுன்னு சொன்னாரு. அந்தக் காத எடுத்ததே..."

"என் காத காரணம் காட்டாதம்மா." உரக்கச் சொல்லவில்லை. "உன் நல்லதுக்குத்தான் உங்கம்மாவ அடிக்கிறேன்னு அவரும் என்கிட்ட சொல்லுவாரு. நீயும் எனக்காகன்னு சொல்லாத."

அவள் எழுந்து அறைக்குள் போனாள். திரைச்சீலை முழுசாக மூடவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவரின் கைலியை முழங்காலுக்கு மேலே விலக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கைலியை இழுத்துவிட்டு, போர்வையைப் போர்த்திவிட்டு வந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து ரோத்தானை எடுத்து, பழைய பேப்பரில் சுற்றி, தன் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஃபெரியிலிருந்து கடலில் போட்டாளா, வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்தாளா என்று நான் கேட்டதில்லை.

"லீவு சொல்லிட்டு நாளைக்கே வந்துர்றேன். இங்கயே இருக்கேன்."

"அவரப் பாத்துக்கவா? என்னப் பாத்துக்கவா?"

"ரெண்டு பேருக்கும் நடுவுல" என்றாள்.

உட்கார்ந்து ஆரஞ்சை மறுபடியும் கையில் எடுத்தாள். வியர்வையில் நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து நான் செய்துவருகிற காரியம்தான், அதை ஒதுக்கிவிடக் கையைத் தூக்கினேன்.

அவள் தலை பின்னுக்குப் போனது.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அடுத்த நொடியே, "இல்லம்மா, அது..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், முகத்தைக்கூட முன்னால் கொண்டுவந்து காட்டினாள். என் கை பாதியில் நின்றுவிட்டது. அவள் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. அவள் அப்பாவின் கையை ஒன்பது வயதிலிருந்து எப்படிப் பார்த்தாளோ, அப்படிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை மிஸ்ஸி வந்தார், ஒரு டாக்டரும் வந்தார். பேசினார்கள், எழுதிக்கொண்டார்கள், மகள் கூட இருப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மிஸ்ஸி என்னிடம் பேசும்போது ஆன்ட்டி என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு நான்கு மாதம் உயிரோடு இருந்தார். நான் அவரை அடிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அவரும் என்னிடம் எதையும் மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. காய்ச்சல் கதையைக் கடைசிவரை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த பிறகு மகள் பட்டர்வொர்த்துக்குத் திரும்பினாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை மட்டும் நிறுத்தவில்லை. நல்ல பிள்ளை, என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள், சிரிப்பாள், பிறகு பிறந்த பேரப்பிள்ளையை என் மடியில் விடுவாள்.

நானும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அவள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அவள் இருக்கிற நேரமெல்லாம் என் இரண்டு கைகளையும் அவள் கண்ணில் படும்படி மேசை மேல் விரித்து வைத்திருப்பேன்.